ரஞ்சிதம் அண்ணி ஓட்டிய விமானங்கள்

“முக்காலி இருந்தா எடுத்துகினு வாங்க. இல்லாட்டி மணைப்பலகை. ரெண்டு ரெண்டா போடுங்க. நடுவுல ஆளு நடக்க வழி வுடுங்க.”

ரஞ்சிதம் அண்ணி இப்படிச் சொன்னதும் எங்கள் பிளாக்கில் இருந்த பெண்களெல்லாம் அவரவர் வீட்டுக்கு எழுந்து போவார்கள். கொஞ்ச நேரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் வராந்தாவில் முக்காலியும் பலகையும் கவிழ்த்துப்போட்ட மரப்பெட்டியுமாக ஒரு விமானம் உருவாகிவிடும்.

மதியச் சங்கு ஊதி, ஷிப்டுக்குப் போக வேண்டிய ஆண்கள் போய்விட்ட பிறகு கிடைக்கும் நேரம் அது. கொடியில் காயும் துணிகளில் சுரங்கத்துப் பழுப்புத் தூசி படிந்துகொண்டிருக்கும். யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள்.

“பெல்ட்டப் போட்டுக்கோங்க” என்பாள் அண்ணி. எல்லாரும் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வார்கள். நானும்தான். அப்போது நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் ஆரம்பப் பள்ளி டீச்சர். சனிக்கிழமை அரை நாள் என்பதால் கதைக்குத் தப்பாமல் வந்துவிடுவேன்.

“கீழ பாத்தா எல்லாம் பனி. மேல பாத்தா இருட்டு. உள்ள எல்லாரும் காப்பி குடிச்சிகினு சிரிச்சிகினு இருக்காங்க. பின்னாடி சாமான் வெக்கிற எடத்துல ஒரு பெரிய பொட்டி. அதுக்குள்ளேருந்து யாரோ தட்றாங்க.”

சொல்லிவிட்டு அண்ணி கதவில் விரல் முட்டியால் மெதுவாக இரண்டு முறை தட்டுவாள்.

“போதும்ட்டி. எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கி” என்பாள் அடுத்த வீட்டுப் பாக்கியத்தக்கா. அவள் திருநெல்வேலிப் பக்கம். போதும் போதும் என்பாளே தவிர, இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டாள்.

உள்ளே இருந்து என் அம்மாவின் குரல் வரும். “வெளக்கு வெக்கிற வூட்டுல இன்னா பேச்சு இது.”

டென்ட்டில் வளர்ந்தவள்

அண்ணியின் ஊர் வடலூர். அவளுடைய அப்பா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். தாய் இல்லாத பெண் என்பதால் அவர் அவளைக் கூடவே வைத்துக்கொண்டிருந்தார். மெஷின் ஓடும் சத்தம் கேட்டால்தான் தனக்குத் தூக்கமே வரும் என்று சொல்லுவாள். பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் ஒரு படத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், யார் எந்தப் பக்கமிருந்து வந்தார், எந்தக் கையில் துப்பாக்கி பிடித்தார் என்பதுவரை சொல்வாள்.

என் அண்ணன் கோதண்டபாணி அவளைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தபோது அம்மாவுக்கு அவ்வளவாக விருப்பமில்லை. கொட்டகையில் வளர்ந்த பெண் என்ற ஒரு முகச்சுளிப்பு. அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். எங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போய், பாலிடெக்னிக் படித்திருந்த அண்ணனுக்கு வேலை கிடைத்து, நாங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிது. மண்ணை வெட்டி எடுக்கும் அந்த ராட்சதச் சக்கர இயந்திரத்தில் அண்ணன் ஃபோர்மேன்.

அந்த நாளில் நெய்வேலியில் வெளிநாட்டு இன்ஜினீயர்கள் குடும்பத்தோடு இருந்தார்கள். அவர்களுக்காக மனமகிழ் மன்றத்து மைதானத்தில் வாரம் ஒரு இங்கிலீஷ் படம் போடுவார்கள். பொழுது சாய்ந்ததும் வெள்ளைத் துணி கட்டுவார்கள். முன்னால் நாற்காலிகளில் துரைமாரும் துரைசானிகளும், பின்னால் மணலில் நாங்கள். காற்றடித்தால் திரை உப்பும், நடிகர்களின் கன்னமும் சேர்ந்து உப்பும்.

எப்படியோ அந்த ஒன்றிரண்டு வருடங்களில் விமானப் படங்களாகவே வந்தன. பேயோ, கொலைகாரனோ, விஷமோ, எது வந்தாலும் விமானத்துக்குள்தான் வந்தது. படம் வரவழைக்கிற ஆளுக்கு விமானப் பைத்தியம் என்று பேசிக்கொள்வார்கள். ஆண்களே சில இடங்களில் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். அண்ணி மட்டும் கண் கொட்டாமல் பார்ப்பாள்.

“அப்படி என்ன அண்ணி இருக்கு இதுல?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“வூட்டுல பேய் வந்தா தெருவுக்கு ஓடிடலாம் ஜெயா. இதுல எங்க ஓட்றது? அந்த நாலு செவுத்துக்குள்ளயே பயந்துகினு, அந்த நாலு செவுத்துக்குள்ளயே தைரியமும் வந்தாவணும். அதான் எனக்குப் புடிக்கும்.”

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்குக் கொஞ்சம் தெரியும். “அவன் இன்னா சொல்றான்?” என்று என் முழங்கையை இடிப்பாள். நான் வாயைத் திறப்பதற்குள், “வேணாம், சொல்லாத. நானே பாத்துக்கறேன்” என்பாள்.

அதனால் அவள் வராந்தாவில் சொல்லும் கதை வேறாக இருக்கும். படத்தில் தலையில் கட்டுப் போட்டவன் கடத்தல்காரன். அண்ணியின் கதையில் அவன் தொலைந்துபோன மகளைத் தேடிப் போகிற அப்பா. படத்தில் விமானம் மலையில் மோதி எல்லாரும் செத்திருப்பார்கள். அண்ணியின் கதையில் ஒரு ஆள் பனியில் தவழ்ந்து வெளியே வருவார்.

“படத்துல யாரும் பிழைக்கலையே அண்ணி?”

“ஒருத்தராவது பொழைக்கணும். இல்லாட்டி நடந்தத யாரு வந்து சொல்றது?”

அம்மாவும் ஆகாயமும்

அம்மா அந்த வராந்தாப் பக்கமே வந்ததில்லை. அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு.

யுத்த காலத்தில் அம்மா அண்ணனைக் கைப்பிள்ளையாக வைத்திருந்தபோது எங்கள் ஊர் வயலுக்கு மேலே ஒரு விமானம் மிகத் தாழப் பறந்து போயிருக்கிறது. நடவு நட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சேற்றில் குப்புற விழுந்திருக்கிறார்கள். அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வைக்கோல் போருக்குள் புகுந்துவிட்டாள். விமானம் போய் வெகுநேரம் ஆகியும் வெளியே வரவில்லை. மாமன் வந்து காலைப் பிடித்து இழுத்த பிறகுதான் வந்தாளாம். அதிலிருந்து ஆகாயத்தில் இரைச்சல் கேட்டால் அம்மா தன்னையறியாமல் பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் தலையைக் கையால் மூடுவாள். நான் டீச்சர் ஆன பிறகும் என் தலையை மூடியிருக்கிறாள்.

அப்படிப்பட்டவளிடம் அண்ணன் ஒரு நாள் வந்து சொன்னான். “அம்மா, என்னை ட்ரெய்னிங்குக்கு ஜெர்மனி அனுப்பறாங்க. ஏரோப்ளேன்ல போவணும்.”

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை அப்படியே கீழே வைத்தாள்.

“கப்பல் இல்லியாடா?”

“கப்பல்ல போனா ட்ரெய்னிங்கே முடிஞ்சிடும்மா.”

அண்ணி அடுக்களை வாசலில் நின்று சிரித்தாள். அந்த நிமிடம் அவளுக்கு இருந்த பெருமையை எப்படிச் சொல்வது? பிளாக்கில் எல்லார் வீட்டுக்கும் அவளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

மீனம்பாக்கம்

அண்ணனோடு இன்னொருவரும் போனார். பெயர் ஏழுமலை. மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருந்தார். எலக்ட்ரிக்கல் பிரிவு. அண்ணனைவிட இளையவர், அண்ணியை அவரும் அண்ணி என்றே கூப்பிடுவார்.

வழியனுப்ப வேன் பிடித்துப் போனோம். அம்மா வரவில்லை. வாசலில் நின்று அண்ணன் நெற்றியில் திருநீறு பூசி, கையைத் தலைமேல் வெகுநேரம் வைத்திருந்தாள்.

மீனம்பாக்கத்தில் நிஜ விமானத்தை முதன்முதலாகப் பார்த்தபோது நான் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். கல்யாணப் பெண்ணை முதலில் பார்க்கிற மாப்பிள்ளை வீட்டார் போல மேலும் கீழும் பார்த்தாள்.

“படத்துல பாத்தத விட சின்னதா இருக்குது” என்றாள். பிறகு அண்ணனிடம் குரலைத் தாழ்த்தி, “றெக்கைக்குப் பின்னாடி சீட்டு கேளுங்க. பின்னாடி ஒக்காந்தவங்கதான் பொழைப்பாங்க” என்றாள்.

“உன் படத்தையெல்லாம் இங்கயே வுட்டுட்டுப் போறேன் தாயே” என்று அண்ணன் கும்பிட்டான். ஏழுமலை விழுந்து விழுந்து சிரித்தார்.

விமானம் ஓடி, எழும்பி, ஒரு புள்ளியாகிப் போகும்வரை அண்ணி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பி வரும்போது, வேன் திண்டிவனம் தாண்டிய பிறகு, “நான் ஒரு தடவையாவது அதுல ஏறணும் ஜெயா” என்றாள்.

கடல்

அண்ணன் போய் மாதங்கள் ஓடின. ட்ரெய்னிங் முடிந்து திரும்பும் நாள் வந்தது. ஏழுமலைக்கு அங்கே நிமோனியாக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் இருந்ததால் அண்ணன் மட்டும் தனியாகக் கிளம்பினான். அங்கேயே ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போய், அங்கிருந்து பம்பாய்க்கு மாற வேண்டும். அந்த முதல் விமானம் கடலில் விழுந்துவிட்டது.

தந்தியோடு ஆபீசர் ஒருவர் ஜீப்பில் வந்தார். பகல் வேளை. அண்ணி முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள், அண்ணன் வருகிறான் என்று. ஆபீசர் வாசலில் நின்றுகொண்டு என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். அம்மாவுக்கும் அண்ணிக்கும் புரியக்கூடாதென்று அவர் நினைத்திருக்கலாம். என் முகம் சொல்லிவிட்டது. அடுக்களையில் எண்ணெய் கருகுகிற வாசனை வந்தது, யாரும் போய் அடுப்பை அணைக்கவில்லை.

அம்மா அழுதுகொண்டே அண்ணியைப் பார்த்துச் சொன்ன வார்த்தை எங்கள் பிளாக் முழுவதும் கேட்டது.

“வெளையாட்டு வெளையாட்டா ஏரோப்ளேன வுழ வெச்சியே. நாக்குல கரிய வெச்சிகினு பொறந்தவளா நீ? எம் புள்ளய வுழ வெச்சிட்டியே.”

வராந்தாவில் பெல்ட் போட்டு உட்கார்ந்து கேட்டவர்கள்தான் சுற்றி நின்றவர்கள் எல்லாரும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாக்கியத்தக்கா மட்டும், “அத்தே, அப்படிச் சொல்லாதீய” என்றாள்.

அன்றிலிருந்து அண்ணி யாரிடமும் கதை சொல்லவில்லை.

உடல் கிடைக்கவில்லை. பெரியவர்கள் கூடி, தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து வைத்துக் காரியம் செய்யலாம் என்றார்கள். அண்ணி தாலியில் கை வைக்கவிடவில்லை. அழவும் இல்லை.

“கடல்ல வுழுந்தா ரப்பர் படகு இருக்கும் அத்தை. காத்தடிச்சி வுட்டா பெரிசாவும். ஏதாவது தீவுல ஒதுங்கியிருப்பாரு. பாஷ தெரியாம எங்கியோ இருக்காரு.”

எல்லாரும் எல்லாமும் சொல்லிப் பார்த்தார்கள். அவள் பொட்டு வைத்துக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, வாசலில் கோலம் போட்டாள். வந்த சொந்தக்காரர்கள் அவளைப் பார்க்காமல் திரும்பிப் போனார்கள். அம்மா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரே வீட்டில் இரண்டு பேர் சமைத்து, இருவருமே சரியாகச் சாப்பிடாத காலம் அது.

இதற்கு நடுவில் ஒரு சிக்கல் வந்தது. அண்ணனுக்குப் பதிலாக அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் வேலை தருவதாகச் சொன்னார்கள். வேலை இருந்தால் குவார்ட்டர்ஸ் இருக்கும். இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். எனக்குப் பள்ளியில் வேலை அப்போது டெம்பரரிதான், குவார்ட்டர்ஸ் கிடையாது. ஊரிலோ வீடு இருந்த இடத்தில் இப்போது பள்ளம். அண்ணி வேலையை வாங்கவேண்டுமானால் புருஷன் இறந்துவிட்டார் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

“அவரு வந்து கேட்டா நான் இன்னா சொல்லுவேன்? நீங்க செத்துட்டீங்கன்னு எழுதிக் குடுத்தேன்னு சொல்லட்டுமா?” என்றாள் என்னிடம். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

அந்தச் சமயத்தில் மன்றத்து மைதானத்தில் மறுபடி ஒரு விமானப் படம் வந்தது. எங்கள் பிளாக்கிலிருந்து ஒரு பெண்ணும் போகவில்லை. பேசி வைத்துக்கொள்ளவும் இல்லை. சாயந்தரம் எல்லார் வீட்டு வாசலிலும் பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் இங்கிலீஷில் யாரோ கத்துவது காற்றில் வந்துகொண்டிருந்தது. அண்ணி எழுந்து கதவைச் சாத்தினாள்.

கப்பலில் வந்தவர்

ஏழுமலை உடம்பு தேறிய பிறகும் விமானத்தில் ஏற மாட்டேன் என்று சொல்லி, கப்பலில் பம்பாய் வந்து, அங்கிருந்து ரயிலேறி வந்து சேர்ந்தார். ஆள் பாதியாக இருந்தார். வீட்டுக்குள் வராமல் படியிலேயே உட்கார்ந்து அழுதார்.

அம்மா கதவோரம் நின்றாள். அண்ணி அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“தண்ணி குடிங்க. குடிச்சிட்டுச் சொல்லுங்க.”

ஏழுமலை பேச ஆரம்பித்தார்.

“போவும்போது எனக்கு ஒதறல் எடுத்துடுச்சிங்க அண்ணி. ப்ளேன் ஆடுது, வாந்தி வருது. அண்ணன்தான் கையப் புடிச்சிகினு, எங்க வூட்டுல ஒரு கதை சொல்லுவா, கேளுன்னு ஆரம்பிச்சாரு. பொட்டிக்குள்ளேருந்து தட்ற கதைங்க. நீங்க இப்படித்தான் தட்டுவீங்கன்னு சீட்டுல டொக் டொக்குன்னு தட்டிக் காட்டினாரு. பக்கத்துல ஒரு பம்பாய்க்காரரு, தமிழ் தெரியாது, அவரும் கேட்டுகினு இருந்தாரு. பயந்துகினே சிரிச்சோம். பயமே போயிடுச்சிங்க.”

“அவரு எங் கதையக் கேட்டதே இல்லியே. ஷிப்டுல இருப்பாரு.”

“இல்லிங்க. செகண்ட் ஷிப்டுன்னா சைக்கிள வேலியோரம் வெச்சிகினு கொஞ்ச நேரம் கேட்டுட்டுத்தான் போவாராம். எங்கிட்ட சொன்னாரு. எல்லாக் கதையும் தெரிஞ்சி வெச்சிருந்தாரு.”

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

“எந்த ப்ளேன்ல ஏறினாலும் றெக்கைக்குப் பின்னாடிதான் கேட்டு வாங்குவாருங்க” என்றார் ஏழுமலை.

பிறகு அண்ணி கேட்டாள். “அந்தக் கடலு எப்படி? படகு இருந்திருக்கும் இல்ல?”

ஏழுமலை என்னைப் பார்த்தார்.

“சொல்லுங்க. உங்களத்தான் கேக்கறேன்.”

“படகு இருந்திருக்கலாங்க. ஆனா அது நம்ம கடலு மாரி இல்லிங்க அண்ணி. ஐஸுத் தண்ணி. நான் கப்பல் ஏறும்போது கைய நனைச்சிப் பாத்தேன். செத்த நேரத்துல வெரலு என்னுது இல்லாத மாரி ஆயிடுச்சி. அதுல வுழுந்தா யாராலயும் தாங்க முடியாதுங்க.”

அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் ஈரமாக இருந்தது. நெற்றியில் பொட்டு இல்லை.

அம்மா அதைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தாள். அண்ணி கோலம் போட்ட காலமெல்லாம் அம்மாவுக்கும் மனசுக்குள் எங்கோ ஒரு படகு மிதந்துகொண்டிருந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அம்மா கேட்டது

காரியம் முடிந்து, அண்ணி கையெழுத்துப் போட்டு வேலைக்குச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் உதவியாள். காலை ஷிப்டு முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வருவாள். கை கால் கழுவி, தானே சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு, ஒரு ஓரமாகப் படுத்துக்கொள்வாள். அம்மா பேச மாட்டாள். குவார்ட்டர்ஸ் எங்களிடமே இருந்தது. ஆனால் அந்த வீட்டில் நடுவில் ஒரு சுவர் எழும்பியதுபோல இருந்தது.

ஒரு சனிக்கிழமை நான் பள்ளியிலிருந்து வந்து, நோட்டுகள் திருத்திக்கொண்டிருந்தேன். அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணி அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றினாள். அம்மா தலை நிமிராமல் கேட்டாள்.

“அதுக்குள்ள எப்படி இருக்கும்?”

அண்ணிக்கு முதலில் புரியவில்லை. தன்னிடம்தான் பேசுகிறாள் என்பதே புரியவில்லை.

“எதுக்குள்ள அத்தை?”

“அந்த ஏரோப்ளேனுக்குள்ள. நான் பாத்ததில்ல. கண்ண மூடினா அவன் எங்க இருக்கான்னு தெரியல. எல்லாம் இருட்டா இருக்குது. நீதான் பாத்திருக்கியே.”

அண்ணி அம்மாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிச் சேலையைக்கூட மாற்றவில்லை.

“உள்ள நொழைஞ்சதும் ஒரு பொண்ணு கும்புட்டுக் கூப்புடும் அத்தை. பஸ்ஸு மாரிதான் சீட்டு. ஆனா மெத்து மெத்துன்னு இருக்கும். சாஞ்சிக்கலாம்.”

“சன்னல் இருக்குமா?”

“இருக்கும். வட்டமா, சின்னதா. தெறக்க முடியாது. அவரு சன்னலோரந்தான் ஒக்காந்திருப்பாரு.”

“அப்புறம்?”

“காதுல வெச்சிக்கப் பஞ்சு குடுப்பாங்க. தட்டுல மிட்டாய் எடுத்துகினு வருவாங்க.”

“அவன் எடுத்திருப்பானா?”

“எடுத்திருப்பாரு. ஒன்ன வாயில போட்டுகினு, ஒன்ன சட்டப் பையில வெச்சிருப்பாரு. ஜெயாவுக்குன்னு.”

நான் நோட்டுகளை மூடி வைத்தேன்.

“கம்பளி குடுப்பாங்களா? அவனுக்குக் குளுரு ஆவாது. சின்னதுலேருந்தே ஆவாது.”

“குடுப்பாங்க அத்தை. அந்தப் பொண்ணே வந்து கழுத்து வரைக்கும் போத்தி வுடும். அப்புறம் வெளக்கக் கொறைச்சிடுவாங்க. பாக்க நம்ம வூட்டுச் சிம்னி வெளக்கு மாரி இருக்கும். எல்லாரும் தூங்க ஆரம்பிச்சிடுவாங்க.”

“அவனும் தூங்கிட்டானா?”

“அவருக்குத்தான் ஒக்காந்தாவே தூக்கம் வந்துடுமே அத்தை. வாயக் கொஞ்சம் தொறந்துகினு தூங்கியிருப்பாரு.”

“ஆமா. அப்படித்தான் தூங்குவான்” என்றாள் அம்மா. அவரைக்காய் கையிலேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். “அப்புறம்?”

அத்தனை விமானங்களை மலையிலும் கடலிலும் காட்டிலும் இறக்கியவள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“அவ்ளோதான் அத்தை. நல்லாத் தூங்கிட்டாரு.”

அம்மா தலையை ஆட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு முழங்காலில் கையூன்றி எழுந்து, அடுக்களைக்குள் போய், அண்ணியின் தட்டை எடுத்துச் சோறு போட்டுக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தாள்.

“நாளைக்கும் காலை ஷிப்டுதான? மத்தியானம் வந்துடுவ இல்ல?”

“வந்துடுவேன் அத்தை.”